மாறும் அடுப்பும் மானக் கடனும்



அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிலே சிலர் புன்னகை புரியக்கூடும். ஆட்சியைப் பற்றிப் பேச வேண்டியவன் அடுப்படிக்குள்ளே ஏன் நுழைகிறான் என்று கேட்கவும் கூடும். தோழர்களே, ஆட்சி நுழையாத அடுப்படி உலகிலே எங்கே இருக்கிறது? அரிசியின் விலையாக நுழைகிறது. விறகின் விலையாக நுழைகிறது. எரிவாயு உருளையின் விலையாக நுழைகிறது. நுழைந்த ஆட்சி, அந்த அடுப்படியிலே அல்லற்படும் தாயிடம், "அம்மா, உன் கருத்தென்ன?" என்று ஒரு சொல் கேட்டதுண்டா? அதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள வினா.

நான் சொல்லப்போவது நம் ஊர் அடுப்பின் கதையன்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக் கொடியேற்றி, நம்மவர் நெய்த துணியை வாங்கிக் கப்பலேற்றி வாணிபம் நடத்தினார்களே ஒல்லாந்தர், அவர்தம் நாட்டின் கதை. நெதர்லாந்து என்று இன்று ஏடுகள் எழுதும் நாடு. அந்நாட்டு அரசினர், "எரிவாயுவை விடுங்கள், மின்சாரத்துக்கு மாறுங்கள்" என்று தம் மக்களிடம் கூறி வருகின்றனர். 2018ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல், புது வீடு கட்ட அனுமதி கேட்போருக்கு எரிவாயுக் குழாய் இணைப்புக் கிடையாது என்று சட்டமே செய்துவிட்டனர். முன்பே கட்டிய வீடுகளும் 2050ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக எரிவாயுவைக் கைவிட வேண்டும் என்பது திட்டம். அச்சட்டம் வந்தபோது அங்கே பத்து வீடுகளில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் எரிவாயு எரிந்துகொண்டிருந்தது. நம் வீட்டிலே உருளை. அங்கோ தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, தரைக்கடியிலே குழாய். சமையல் மட்டுமா? உறைபனிக் காலத்திலே வீட்டுக்கு வெப்பம், குளிக்க வெந்நீர், யாவும் அந்தக் குழாயின் தயவு!

இந்த மாற்றம் தவறா? தவறன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிவாயு எரிந்து கக்கும் கரியமில வாயு, உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் வைத்துக்கொண்டு, அணை கட்டிக் கடலைத் தடுத்து வாழும் நாடு அது. கடல் பொங்கினால் முதலில் கலங்க வேண்டியவர் அவரன்றோ! ஆகவே மாற்றம் தேவை. என் வினா வேறு. மாற்றத்தின் நன்மை யார் மடியில் விழுகிறது? மாற்றத்தின் சுமை யார் தலையில் ஏறுகிறது?

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே, இதனை மூன்று காட்சிகளாகவே காட்டிவிடுகிறேன். அரங்கம் ஒன்றுதான்: நெதர்லாந்தின் வடகோடியிலே, குரோனிங்கன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் செங்கல் வீடு, அந்த வீட்டிலே ஓர் அடுப்படி. அதிலே நிற்கும் தாய் என் கற்பனை. அவளைச் சுற்றி நடப்பனவோ வரலாறு.

முதற் காட்சி. 1959ஆம் ஆண்டு. குரோனிங்கனில், ஸ்லோக்டெரன் என்னும் ஊரின் அருகே, வயலிலே துளையிட்டார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்திலே எரிவாயு! தோண்டத் தோண்டத் தெரிந்தது, ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய எரிவாயுக் களம் அதுவென்று. உழவன் அறியான், தன் வயலுக்கடியிலே ஒரு பேரரசின் கருவூலம் உறங்கியதை! துளையிட்ட கம்பெனியோ, ஷெல், எஸ்ஸோ எனும் இரு எண்ணெய்ப் பெருமுதலாளிகளின் கூட்டுப் பிள்ளை. அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. 1963இல் எரிவாயுவை நாடெங்கும் கொண்டு செல்லத் தனி நிறுவனமே தோன்றியது.

அதுவரை அந்நாட்டார் நிலக்கரியை எரித்துக் குளிர் காய்ந்தனர். நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவிலே சமைத்தனர். புது வாயுவோ வேறு தன்மையது. பழைய எரிமுனையிலே ஒழுங்காக எரியாது. என்ன செய்தனர்? மக்களைப் பார்த்து, "உங்கள் அடுப்பை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றாதவர் மடையர்" என்றனரா? இல்லை. பணியாளர் படை புறப்பட்டது. தெருத் தெருவாகச் சென்றது. வீடு வீடாக நுழைந்தது. அடுப்பைக் கழற்றி, எரிமுனையை மாற்றி, பற்றவைத்துக் காட்டிவிட்டு வந்தது. அதிகம் எரிப்போருக்கு விலை குறையும்படி கட்டணமும் வகுத்தனர், வீடு முழுவதையும் வெப்பமாக்கும் கருவி வாங்கட்டும் என்பதற்காக! 1960களின் இறுதிக்குள் நாட்டின் பெரும்பகுதி மாறிவிட்டது.

ஏன் இந்த விரைவு? மக்கள்பால் கொண்ட பாசமா? அந்நாளிலே, அணுமின்சாரம் வரப்போகிறது, வந்தால் எரிவாயு விலைபோகாது, வருமுன்னே விற்றுவிட வேண்டும் என்ற கணக்கு இருந்தது. விற்க வேண்டும் என்ற வேட்கை பிறந்தபோது, வீட்டு வாயிலுக்கே வந்தது அரசு! இதனை நினைவிலே முடிந்து வையுங்கள். மூன்றாம் காட்சியிலே அவிழ்க்கப் போகிறேன்.

இந்த முதற் காட்சியின் ஓரத்திலே ஒரு கண்ணீர்த் துளியும் உண்டு. எரிவாயு வந்ததும் நிலக்கரி எதற்கு? நாட்டின் தென்கோடியிலே, லிம்பர்க் மாநிலத்திலே, பல்லாயிரவர் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தனர். 1965 டிசம்பர் 17ஆம் நாள், ஹேர்லன் நகர நாடக அரங்கிலே பொருளாதார அமைச்சர் யோப் டென் அய்ல் எழுந்து, சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். மாற்று வேலை தராமல் மூடமாட்டோம் என்று உறுதியும் கூறினார். 1974ஆம் ஆண்டின் கடைசி நாளிலே கடைசிச் சுரங்கமும் மூடியாயிற்று. மாற்று வேலை அத்தனை பேருக்கும் கிட்டியதா? சிலருக்குக் கிட்டியது. ஆனால் அந்த வட்டாரத்தை வேலையில்லாத் திண்டாட்டம் நெடுங்காலம் வாட்டியது. ஒரு வீட்டின் அடுப்பு மாறினால், எங்கோ இன்னொரு வீட்டின் அடுப்பு அணைகிறது தோழர்களே! அணையாமல் காப்பதற்குப் பெயர்தான் ஆட்சி.

இரண்டாம் காட்சி. ஆண்டுகள் உருண்டோடின. வடக்கிலிருந்து எரிவாயு சென்றது. அரசின் கருவூலத்துக்குப் பணம் சென்றது. நாடாளுமன்ற விசாரணைக் குழு பின்னர் போட்ட கணக்கின்படி, அரசுக்கு வந்து சேர்ந்த தொகை ஏறத்தாழ 36,300 கோடி யூரோ! சாலை கண்டனர், பாலம் கண்டனர், முதியோருக்கும் வேலையற்றோருக்கும் உதவித் தொகை கண்டனர். நல்ல செயல்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எரிவாயு கிளம்பிய மண்ணிலே, நம் தாயின் அடுப்படிச் சுவரிலே, என்ன கண்டாள் அவள்? விரிசல் கண்டாள்!

நிலத்தடியிலே பாறையின் நுண்துளைகளில் அடைந்து கிடந்த வாயுவை உறிஞ்ச உறிஞ்ச, அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறைந்ததும் பாறை அமுங்கியது. அமுங்கிய பாறை பழைய பிளவுகளின் வழியே நழுவியது. நிலம் நடுங்கியது. 1986இலே, அண்டை மாநிலத்தின் ஆஸன் நகரருகே நிலம் நடுங்கியபோது, மேன்ட் வான் டெர் ஸ்லூயிஸ் என்னும் புவியியலாளர், இது எரிவாயு எடுப்பதால் வந்தது என்று எடுத்துரைத்தார். ஏற்றார்களா? எள்ளி நகையாடினர். 1993இல்தான், எரிவாயு எடுப்பதால் நிலம் நடுங்கக் கூடும் என்று வல்லுநர் குழு ஒப்புக்கொண்டது. உண்மை உரைத்தவனை ஊர் சிரிக்கச் செய்துவிட்டு, ஏழாண்டு கழித்து "ஆம், இருக்கலாம்" என்றனர்!

2012 ஆகஸ்ட் 16ஆம் நாள் இரவு. ஹூய்ஸிங்க என்ற சிற்றூரிலே 3.6 அளவிலே நிலநடுக்கம். 3.6 தானே, சிறிது தானே என்று எண்ணிவிடாதீர்கள். இயற்கை நிலநடுக்கம் பெரும்பாலும் மிக ஆழத்திலே தோன்றுவது. இதுவோ 3 கிலோமீட்டர் ஆழத்திலேயே தோன்றியது. மேலே நின்ற செங்கல் வீடுகளோ, நிலநடுக்கம் என்ற சொல்லையே அறியாதவர் கட்டியவை. சுவர்கள் பிளந்தன. பண்ணை வீடுகளுக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தனர்.

அரசு அமைத்த சுரங்கக் கண்காணிப்புத் துறையே 2013 ஜனவரியிலே, எடுக்கும் அளவை இயன்ற அளவு விரைவாக, இயன்ற அளவு அதிகமாகக் குறையுங்கள் என்று அறிவுரை கூறிற்று. அந்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? குறைத்தார்களா? ஏறத்தாழ 5,400 கோடி கன மீட்டர் எடுத்தார்கள், முந்திய ஆண்டைவிட அதிகமாக! மருத்துவர், "இரத்தம் எடுப்பதை நிறுத்து" என்கிறார். எடுப்பவனோ இன்னொரு ஊசியைச் செருகுகிறான். இதற்குப் பெயர் ஆட்சியா?

இழப்பீடு கேட்டு வந்தாள் நம் தாய். "அம்மையே, இந்த விரிசல் நிலநடுக்கத்தால்தான் வந்தது என்பதை நீயே மெய்ப்பித்துக் காட்டு" என்றனர். சுவரையும் பிளந்துவிட்டு, சான்றையும் அவளையே தேடச் சொன்னார்கள்! மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கம்பெனியின்பால் மாற்றும் சட்டம் 2016ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நடைமுறைக்கு வந்தது. 2018 ஜனவரியில் மீண்டும் நிலம் நடுங்கிற்று. அதே மாதத்திலே குரோனிங்கன் நகரத் தெருக்களிலே மக்கள் தீவட்டி ஏந்தி அணிவகுத்தனர். அதன் பிறகே, மார்ச் திங்களிலே, இக்களத்தில் எரிவாயு எடுப்பதை நிறுத்தப் போகிறோம் என்றது அரசு. அறிவாளர் சொன்னபோது அசையாத நாற்காலி, தீவட்டி கண்டதும் அசைந்தது. தொண்டாற்றும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்க.

2023 அக்டோபர் 1ஆம் நாள் எடுப்பது நின்றது. 2024 ஏப்ரலிலே சட்டப்படி களம் மூடப்பட்டது.

மூன்றாம் காட்சி. அதே அடுப்படி. நம் தாய் இப்போது மூதாட்டி. சுவரிலே பூசி மறைத்த விரிசல். கையிலே ஒரு கடிதம்: வெப்பப் பம்பு பொருத்துங்கள், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குங்கள், சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் வெளியேறாத காப்பு அமையுங்கள் என்று!

வெப்பப் பம்பு என்றால் என்ன? குளிர்பதனப் பெட்டி, உள்ளே உள்ள வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா? அதையே திருப்பிப் போட்டால், வெளிக்காற்றிலே உள்ள வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள்ளே தள்ளும். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு பங்கு வெப்பம் தரும். அரியதோர் கருவி! பாராட்டுகிறேன். ஆனால் கல்லூரிப் படிப்பையும் முடிக்காத எனக்குக்கூட ஒரு கணக்குப் புரிகிறது. மின்சாரத்தின் விலை எரிவாயுவின் விலையைப் போல் மூன்று மடங்காக இருந்தால், மூன்று பங்கு வெப்பத்தால் ஆன மிச்சம் எங்கே? விலையே விழுங்கிவிடும். இதை உணர்ந்துதான் அரசினர் எரிவாயு மீது வரியை ஏற்றி, மின்சாரத்தின் வரியைத் தணித்து வந்துள்ளனர். சரியான வழியே. ஆனால் பம்பு வாங்க வழியில்லாதவன் என்ன ஆவான்? ஏறிய எரிவாயு வரியைக் கட்டிக்கொண்டே, பழைய அடுப்பின் முன்னே நிற்பான்!

மானியம் தருகிறோமே என்பர். தருகின்றனர், உண்மை. எப்படி? சொந்த வீட்டுக்காரர் முதலில் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் கருவியைப் பொருத்த வேண்டும். பிறகு விண்ணப்பித்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறவேண்டும். கையிலே காசுள்ளவன் கை நீட்டுகிறான், கிடைக்கிறது. காசில்லாதவன் முதற்படியிலேயே நின்றுவிடுகிறான். வாடகை வீட்டிலே வாழ்வோனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வீடு அவனுடையதன்று, கருவியை மாற்றும் உரிமையும் அவனுக்கில்லை. கட்டணச் சீட்டு மட்டும் அவன் பெயருக்கே வருகிறது!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஒரு தெருவிலே நூறு வீடு. நூறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். குழாயைப் பேணும் செலவை நூறு பேரும் பகிர்கின்றனர். வசதியுள்ள அறுபது பேர் மின்சாரத்துக்கு மாறிவிட்டனர். குழாய் சுருங்குமா? சுருங்காது. செலவு குறையுமா? பெரிதாகக் குறையாது. மிஞ்சிய நாற்பது பேர் தலையிலே நூறு பேரின் சுமை! அந்த நாற்பது பேர் யார்? முதியோர், வறியோர், வாடகைக்கு வாழ்வோர். பந்தியிலே முந்தியவன் உண்டு எழுந்து போய்விட்டான். கடைசி வரிசையிலே உட்கார்ந்தவனிடம் பந்தி முழுவதற்கும் பணம் கேட்பது நீதியா? இது நெதர்லாந்துக்கு மட்டும் உரிய வினாவன்று. எரிவாயுக் குழாயை விட்டு மின்கம்பிக்கு மாறும் எந்த நாட்டிலும் எழுந்தே தீரும் வினா.

அரசினர்தாம் ஒரே சொல்லிலே நின்றனரா? 2022இலே, பழுதான கொதிகலனை மாற்றுவோர் 2026 முதல் வெப்பப் பம்பும் சேர்ந்த கலப்புக் கருவியே பொருத்த வேண்டும் என்று அறிவித்தார் அன்றைய அமைச்சர். 2024இலே புதுக் கூட்டணி வந்தது. அந்தக் கட்டாயம் வேண்டாம் என்றது. முதல் அறிவிப்பை நம்பி முன்னதாகவே வாங்கியவன் விழித்தான், வாங்காதிருந்தவன் நகைத்தான். அரசின் சொல்லை நம்பியவன் ஏமாளி என்று ஆகிவிட்டால், அடுத்த முறை அரசு சொல்வதை எவன் கேட்பான்? போதாக்குறைக்கு, மின்சாரத்துக்கு மாறுங்கள் என்று கூவுகின்றனர்; மின்கம்பிகளோ பல பகுதிகளில் நிரம்பி வழிகின்றன; புது இணைப்புக் கேட்டு ஆலைகள் வரிசையிலே காத்துக் கிடக்கின்றன. விருந்துக்கு அழைத்துவிட்டு, உலை வைக்க மறந்த வீட்டைப் போல!

இப்போது, முதற் காட்சியிலே முடிந்து வைத்ததை அவிழ்க்கிறேன்.

எரிவாயுவை விற்க வேண்டியிருந்தபோது, பணியாளர் படை வீட்டுக்குள்ளே வந்து அடுப்பை மாற்றித் தந்தது. எரிவாயுவை விட வேண்டியிருக்கும்போது, கடிதம் வருகிறது, விண்ணப்பத்தாள் வருகிறது. அன்று ஒரு தலைமுறைக்குள்ளே நாட்டை மாற்ற முடிந்ததே, எப்படி? முடிவு அரசுடையது, பணியும் அரசுடையது என்று எண்ணினர், ஆகவே முடிந்தது. இன்று முடிவு அரசுடையது, பணி உன்னுடையது என்கின்றனர், ஆகவே இழுக்கிறது. வரவு வரும்போது கூட்டுக் குடும்பம். செலவு வரும்போது தனிக் குடித்தனமா?

நான் வெறுங்குறை கூறவில்லை தோழர்களே. 2023 பிப்ரவரியிலே அந்த நாட்டு நாடாளுமன்ற விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்றது. நாடு அம்மக்களுக்கு ஒரு மானக் கடன் பட்டிருக்கிறது என்றது. தன் நாட்டு அரசையே நாடாளுமன்றம் குற்றக்கூண்டிலே நிறுத்திற்று. அந்தத் துணிவுக்குத் தலை வணங்குகிறேன். அரசும் அதன் பின், முப்பதாண்டுக் காலத்துக்கு 2,200 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது. அவ்வட்டார வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைக்கவும், வருமானம் குறைந்தோருக்கு முழுச் செலவையும் ஏற்கவும் திட்டம் தீட்டியது. ஆக, வழி தெரியாமலில்லை. நிலம் பிளந்து, நெஞ்சு பிளந்து, தீவட்டி ஏந்திய பின்னரே தந்தார்கள் என்பதுதான் துயரம். 36,300 கோடி வந்த இடத்திலிருந்து 2,200 கோடி திரும்புகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அந்த ஒரு வட்டாரத்துக்கு இயன்றது, ஏழை வாழும் எல்லா வட்டாரத்துக்கும் ஏன் இயலாது? கருவிக்கு முன்பணம் அரசு தரட்டும். வருமானத்துக்கு ஏற்ப மானியம் அமையட்டும். வாடகை வீட்டை மாற்றும் கடமையை வீட்டு உரிமையாளர்பால் வைக்கட்டும். தெருத் தெருவாக, அனைவரையும் ஒருங்கே மாற்றட்டும். கடைசி வீட்டுக்காரன் தலையிலே குழாயின் செலவைச் சுமத்தாதிருக்கட்டும். எரிவாயுவால் கொழுத்த கம்பெனிகள் தம் பங்கைத் தரட்டும். இது பிச்சையன்று, பட்ட கடன்!

தோழர்களே, நாளை எந்த நாட்டிலே, எந்தத் துரைத்தனத்தார் வந்து, "அடுப்பை மாற்று" என்றாலும், நன்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றத்தை எதிர்ப்பவன் பகுத்தறிவாளனல்லன். ஆனால் மூன்று வினாக்களை எழுப்பாமல் விடாதீர்கள். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்? செலவு யாருடையது? கடைசியாக மாறப்போகும் ஏழைக்கு என்ன ஏற்பாடு? மன்றத்திலே கேளுங்கள், மேடையிலே கேளுங்கள், வீட்டுத் திண்ணையிலே கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

குரோனிங்கனிலே அந்த மூதாட்டி, கடிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்கிறாள். இளமையிலே அவள் அடுப்பை மாற்றித் தர ஆள் வந்தது. முதுமையிலும் வரட்டும். அதுவரை திரை விழக் கூடாது.